பெடல்ல கால் படக்கூடாது

ஏற்கெனவே சரியா இருக்கா? அதெப்படி மெக்கானிக் தம்பி சரியா இருக்கும்? நல்லாப் பாருங்க. மாப்பிள்ளை போன ஞாயித்துக்கிழமைதான் கார்ல காத்து போற அந்த த்ராட்டிலக் கழட்டி, ஸ்ப்ரே அடிச்சு, கரியெல்லாம் தொடச்சு மாட்டினாரு. மாட்டினவரு ரீசெட் சரியாப் பண்ணாம விட்டிருக்காரு. எவ்வளவு காத்து இழுக்கணும்னு வண்டிக்கே மறந்துபோயி, மறுநாள் வாசல்ல தானாப் பாஞ்சு சுவர இடிச்சிருச்சு. வீட்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க. நானா? நான் என்னத்தச் சொல்ல? ஓட்டினவன் நான், அவ்வளவுதான்.

ஒரே ஒரு தடவ திரும்ப ரீசெட் பண்ணிப் பாருங்களேன், வண்டியிலயே கோளாறு இருந்தாத் தெரிஞ்சிரும்ல. கெழவன் கேக்குறேன்ல.

சாவியத் திருப்பிட்டேன். ஸ்டார்ட் பண்ணக் கூடாது, ஆக்சிலேட்டர்ல கால் படக் கூடாது, சும்மா உக்காந்திருந்தா அது தானாக் கத்துக்கும். இவ்வளவுதானே? சும்மா உக்கார்றதுக்கு என்னைய விட்டா ஆள் ஏது?

பேசலாம்ல? பேச்சு அதுக்குக் கேக்காதே?

நான் லாரி ஓட்டின காலத்துல ஒரு மலை எறக்கத்துல பிரேக் போயிருச்சு தம்பி. கீழ பாத்தா பாதாளம். என்ன பண்ணேன்? ஹாரன அமுக்கிப் பிடிச்சேன். அந்தச் சத்தம் எதிர்மலையில போய் முட்டித் திரும்பி வந்துச்சு பாருங்க, வண்டிய நெஞ்சுல கை வெச்சுத் தள்ளின மாதிரி நிறுத்திருச்சு. சிரிக்காதீங்க. க்ளீனர் உயிரோட இருந்தா சாட்சி சொல்லுவான்.

என்ன, ரீசெட் ஏறலையா? சரி, சாவிய அணைச்சுட்டு மறுபடி போடுறேன்.

சுவர் போனாப் போகுது. சுவரோட சேத்து பேத்தியோட சைக்கிளும் அப்பளமா நொறுங்கிருச்சு. அவ அப்பத்தான் தண்ணி குடிக்க உள்ள போயிருந்தா. அன்னையிலருந்து எம்பொண்ணு புருஷங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. அந்த மனுஷன் சோத்தப் பெசஞ்சுட்டே உக்காந்திருக்காரு, வாயிக்குப் போகல. அதோ, வெளிய பெஞ்சில தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்காரே, அவருதான்.

இப்பவும் ஏறலையா? ஆக்சிலேட்டர் பெடல் அமுங்கியிருக்குன்னு உங்க மெஷின் காட்டுதா? பாத்தீங்களா! நான்தான் சொன்னேனே, கோளாறு வண்டியிலதான்! கூப்பிடுங்க மாப்பிள்ளைய, நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பில்லன்னு சொல்லிருவோம்.

கால எடுக்கவா? எடுத்து எவ்வளவு நேரமாச்சு. தரையிலதான் வெச்சிருக்கேன்.

கதவ ஏன் தெறக்குறீங்க? எதுக்குக் குனியறீங்க?

அட.

என் கால்தான். பெடல் மேலதான் இருக்கு. செருப்பு எப்பக் கழண்டுச்சு?

கொஞ்சம் இருங்க தம்பி, அவரக் கூப்பிடாதீங்க.

உள்ளங்கால் மரத்துப் போயி ரொம்ப நாளாச்சு. டாக்டர் சர்க்கரைன்னாரு. வண்டி ஓட்றத விட்ருங்கன்னும் சொன்னாரு. வீட்ல முதல் பாதிய மட்டும் சொன்னேன். ஒத்தச் செருப்போட கடைக்குப் போய்ட்டு வந்தப்ப எம்பொண்டாட்டி கேட்டா, இன்னொண்ண நாய்க்குக் கடன் குடுத்திருக்கேன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

அன்னிக்கும் பிரேக்கதான் அமுக்குறேன்னு அமுக்கினேன். அமுக்க அமுக்க உறுமுது. சுவருக்கு ஒரு மொழம் இருக்கையிலயே வெளங்கிருச்சு. இடிச்சதும், நான் வாயத் தெறக்குறதுக்குள்ள மாப்பிள்ளை ஓடி வந்து, மாமா, நான் கழுவினதுதான் மாமா காரணம், ரீசெட் சரியா ஆகலபோலன்னு கையப் பிடிச்சுட்டு அழறாரு. ஹாரனால லாரிய நிறுத்தினேன்னு கூசாமச் சொல்ற வாயி தம்பி இது. அன்னிக்கு ஒரு வார்த்த வரல. நாலு நாளா வரல. நீங்க பாத்து வண்டி மேல பழி போட்டா அவரும் தப்பிப்பாரு, நானும் தப்பிப்பேன்னுதான் இங்க இழுத்துட்டு வந்தேன்.

அவரு ஒழுங்காத்தான் பண்ணியிருக்காரு, இல்ல? மொதல்லயே சொன்னீங்க.

இந்தாங்க சாவி. எங்கிட்டத் திரும்பக் குடுக்காதீங்க. அவர்கிட்ட நீங்க சொல்ல வேணாம், நானே போய்ச் சொல்றேன். எறங்குறேன்.

செருப்பு ரெண்டும் கால்ல இருக்கான்னு மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தம்பி.