கையுறை இல்லாத விரல்

எனக்குச் சிறுவயதிலிருந்தே கை கழுவும் பழக்கம் உண்டு. சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், பேருந்திலிருந்து இறங்கியதும், யாராவது கை குலுக்கினால் அவர்கள் மனம் நோகாதபடி சற்று நேரம் கழித்து. வீட்டில் கேலி செய்வார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் என் கையைப் பற்றித்தான் கேட்கப்போகிறீர்கள்.

எங்கள் ஆய்வகத்தில் எந்தச் சோப்பும் உதவாது. மனிதத் தோலில் எப்போதும் ஒரு நொதி இருக்கிறது. ஆர்.என்.ஏ.வைக் கண்டால் துண்டு துண்டாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும், ஆறியதும் மறுபடி வேலைக்கு வந்துவிடும். அதனால்தான் கையுறை. கிருமியிடமிருந்து எங்களைக் காப்பாற்றத்தான் அதைப் போடுகிறோம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது மாதிரிகளை எங்களிடமிருந்து காப்பாற்றுவதற்கு.

அந்த நொதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. செல்லுக்குள் மரபணு எதையும் தானே செய்வதில்லை. ‘இந்தப் புரதத்தைச் செய்’ என்று சீட்டு எழுதி அனுப்பும். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. வேலை முடிந்ததும் அதைக் கிழித்துப்போட, செல்லே இதுபோன்ற நொதிகளை வைத்திருக்கிறது. கிழிக்காமல் விட்டால் அதே வேலை ஓயாமல் நடந்து, கடைசியில் செல்லே செத்துப்போகும். சில வைரஸ்கள் சொந்தக் கத்தரியோடு உள்ளே வருகின்றன. செல்லின் சீட்டுகளைக் கிழித்துவிட்டுத் தங்கள் சீட்டை மட்டும் படிக்க வைக்கின்றன. பலே கெட்டிக்காரத்தனம்.

அப்படி ஒரு வைரஸின் கத்தரியை முடக்கும் மருந்து என்னுடையது. என் தம்பியின் ஈரலில் இருப்பதும் அதே வைரஸ்தான். அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அவனுக்காகத்தான் எல்லாம் செய்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் கட்டம் வந்தது. அவர்கள் இரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, உடம்பின் சீட்டுகள் ஒழுங்காகக் கிழிபடுகின்றனவா என்று பார்ப்பது கீச்சுவின் வேலை. எங்கள் இளைய ஆய்வாளர். மெல்லிய குரல் என்பதால் அந்தப் பட்டப்பெயர், கோபித்துக்கொள்ள மாட்டாள். முதல் முடிவு வந்ததும் என்னிடம்தான் ஓடிவந்தாள்.

“சார், வெட்டுப்பட வேண்டிய ஆர்.என்.ஏ. எல்லாம் அப்படியே குவிஞ்சு கிடக்கு. நம்ம மருந்து வைரஸோட நொதியை மட்டும் இல்ல, உடம்போட நொதியையும் சேர்த்துப் பிடிக்குதோன்னு பயமா இருக்கு.”

“ஒரு தடவை வந்தா அது ரிசல்ட் இல்லம்மா. திரும்பப் போட்டுப் பாரு,” என்றேன். நியாயமான பேச்சுதான். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது வலது கையுறையைக் கழற்றினேன். பனிக்கட்டியில் செருகியிருந்த அவளுடைய மாதிரிக் குப்பிகளின் மூடிகளைத் திறந்து, உட்புறத்தை ஆள்காட்டி விரலால் தொட்டு மூடினேன். ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினேன். வேண்டாத நேரத்தில் வந்த ஒரு செய்தியைக் கிழித்தேன், செல் தினமும் செய்கிற காரியம். பிறகு கை கழுவிக்கொண்டு நானும் சாப்பிடப் போனேன். அவளுக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

மறுபடி எடுத்த இரத்தத்திலும் அப்படியே செய்தேன். கருவியின் திரையில், ஆர்.என்.ஏ. சிதையாமல் இருந்தால் இரண்டு சிகரங்கள் தெரிய வேண்டிய இடத்தில் எல்லாம் தேய்ந்து கிடந்தது. கீச்சு தன் கையையே சந்தேகிக்கத் தொடங்கினாள். கையுறைக்கு மேல் கையுறை போட்டாள். கழுவிக் கழுவி விரல்களில் தோல் உரிந்தது. கூட்டத்தில் எல்லார் முன்னிலும் இயக்குநர், “கை சுத்தமில்லாதவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்று கேட்டார். வெளியே வந்து அவள் அழுதபோது என் கைக்குட்டையைக் கொடுத்தேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் படிக்க முடியாத மாதிரிகளை வைத்து ஒரு பரிசோதனையை நிறுத்த முடியாதே. மருந்தின் அளவைக் கூட்டினோம்.

எங்கள் வேன் டிரைவரும் அந்த நோயாளிகளில் ஒருவர். வாய் ஓயாத மனிதர். “சார் கண்டுபிடிச்ச மருந்து, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக்கலாம்,” என்று பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்குத் தைரியம் சொல்வார். அளவு கூடிய பிறகு அவர் கண்கள் மஞ்சளாயின. பிறகு ஈரல் கைவிட்டது. அவரோடு இன்னும் மூன்று பேர். அவர் மனைவி என்னைத் தேடி வந்து, “நீங்க எவ்வளவோ பாடுபட்டீங்கண்ணா,” என்று கும்பிட்டாள். நானும் கைகூப்பினேன்.

யாரையும் கொல்ல நான் நினைக்கவில்லை. கீச்சுவின் முதல் முடிவு வரும்வரை எனக்கு அந்த மருந்தின் மேல் ஒரு சந்தேகமும் இல்லை. வந்த பிறகும் அது தவறாகத்தான் இருக்கும் என்று மனதார நம்பினேன். மருந்து நின்றுபோனால் தம்பி போய்விடுவான். அந்த ஒரு பயம்தான்.

அப்படியானால் தம்பிக்கு ஏன் அதைக் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

அவனும் கேட்டான். முதல் ஊசி போடுவதற்கு முன்பே, ஆள் சேர்க்கும் கடைசி நாளில், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே என் அறைக்கு வந்தான். “முதல் ஊசி எனக்குத்தானேண்ணா?” என்று சிரித்தான். “இடமெல்லாம் நிரம்பிடுச்சுடா,” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. தலையைத் தடவி வீட்டுக்கு அனுப்பினேன்.

ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. அன்று மாலை அதில் டிரைவரைச் சேர்த்தேன்.