மொட்டு வைக்காத நாலு பாத்தி

நாலு பாத்திச் சாமந்தி மட்டும் ஏன் மொட்டு வைக்கவில்லை என்பது எனக்கு ஒரு மாதமாகப் புரியவில்லை. மற்ற இருபது பாத்திகளுக்குப் போட்ட அதே நாற்று, அதே எரு, அதே சொட்டுநீர். இந்த நாலில் மட்டும் செடி முழங்காலுக்கு மேல் வளர்ந்து, கரும்பச்சையாக இலை விட்டு, பூக்க மறந்ததுபோல் நின்றது. ஒன்றைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தேன். புழு இல்லை, அழுகல் இல்லை.

மோட்டார் கொட்டகைக் கூரைமேல் ஏறி நின்றபோதுதான் பிடிபட்டது. பூக்காத இடத்தின் ஓரம் பாத்தி வரப்பைப்போல் நேராக இல்லை, பிறைபோல் வளைந்து போனது. அந்த வளைவுக்கு நடுவில் தெருவிளக்குக் கம்பம்.

சாமந்தி வெயிலைப் பார்த்துப் பூப்பதில்லை ஐயா. இருட்டை அளந்து பூக்கிறது. இரவு நீள நீள, இலை அதைக் கணக்கு வைத்து, நேரம் வந்ததும் நுனிக்குச் சேதி அனுப்பும். நடுவில் வெளிச்சம் பட்டால் இரவு முடிந்ததென்று எண்ணிக் கணக்கை முதலிலிருந்து தொடங்கும். கண்ணே இல்லாத ஒன்று இவ்வளவு நுட்பமாக அளப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அந்த விளக்கைக் கேட்டு வாங்கியவள் கலைமதி. என் நிலத்துக்குப் பின்னால் புதுக் காலனியில் குடியிருந்தாள், ஓசூரில் தையல் கம்பெனி வேலை. மாரண்டஹள்ளி ரோட்டில் ஏழரைக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். அங்கிருந்து காலனிக்குப் போகும் வழியில் என் கிணறு, சுற்றுச்சுவர் இல்லாதது. கிராம சபையில் எழுந்து, அந்த இடத்துக்கு வந்தாலே கால் நகர மறுக்கிறது என்றாளாம். பேய்க்குப் பயமா, மாமியாருக்குப் பயமா என்று யாரோ கேட்டுச் சிரித்தார்களாம். "பேயிகிட்டகூட பேசிப் பாக்கலாங்க, கெணறு பேசாதுங்களே" என்றாளாம்.

விளக்கை நான்தான் உடைத்தேன். புதிதாக மாட்டினார்கள், அதையும் உடைத்தேன். பையன்கள் வேலை என்று பேசிக்கொண்டார்கள்.

கலைமதி என்னிடம் வந்தாள். கம்பெனிக்குள் போன் விடமாட்டார்கள் என்று அவள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவள், வழிக்கு அந்த வெளிச்சமும் கிடையாது. "முனிராஜண்ணா, அந்நேரத்துக்கு நீங்க மோட்டாருகிட்டதான இருப்பீங்க. நான் கூப்ட்டா ஒரு கொரல் குடுங்க, போதும்."

ஒப்புக்கொண்டேன். தினமும் பாதை திரும்பும் இடத்தில் நின்று, "அண்ணா, இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன், வாம்மா" என்பேன். கொட்டகையிலிருந்து வரும் என் குரலைப் பிடித்து நடந்தால் கிணறு இடப்பக்கம் ஒதுங்கிவிடும். பயந்தவர்கள் இருட்டில் காதால் நடக்கிறார்கள். அதை அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மொட்டு வைக்க ஏறத்தாழ இருபது இரவு முழு இருட்டு வேண்டும். பத்து முடிந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கலைமதி தோட்டத்துக்கே வந்தாள். கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தாளாம். ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "கம்பி வல போட்ட பெரிய லைட்டுங்ணா, ஒடைக்கவே முடியாதாம். இனி உங்களுக்குத் தொந்தரவில்ல" என்றாள். எனக்காகவும் சேர்த்துத்தான் சந்தோஷப்பட்டாள்.

கேட்கிறவள் இருப்பதால்தான் விளக்கு வருகிறது என்று நினைத்தேன். அப்போது அது சரியான கணக்காகத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை ஏழரைக்கு நான் கொட்டகையில் இல்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். "அண்ணா, இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன், வாம்மா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கூப்பிட்டாள். அதே கேள்விதான். ஒவ்வொரு முறையும் இருக்கேன் என்று பதில் சொன்னேன். பதில் வராவிட்டால் எவ்வளவு பயந்துபோவாள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவளைத் தனியே விட மனம் வரவில்லை.

கால் இடறிக் கிணற்றில் விழுந்தாள் என்று உங்கள் ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறீர்கள். அவள் இடறவில்லை, குரல் வந்த திசையில் சரியாகத்தான் நடந்தாள். தப்பான விளக்கம் ஒன்று எழுத்தில் நிற்பது எனக்குப் பொறுக்காது, அதனால் வந்தேன். இன்னொன்றும் உண்டு. இப்போதெல்லாம் ஏழரை ஆனதும் கதவைத் தாழிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் என் வாய் இருக்கேன் என்கிறது. எச்சில் விழுங்கிப் பார்த்தேன், துணியைக் கடித்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

விளக்கா? ஓர் உயிர் போன இடம் என்று நாலாம் நாளே நட்டுவிட்டார்கள். பழையதைப்போல் மூன்று மடங்கு வெளிச்சம். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் நிதானமாக யோசித்தேன். வெளிச்சத்தை நிறுத்த விளக்கைத் தொடவே வேண்டியதில்லை. கொட்டகையில் வெகுநாளாய்க் கிடந்த கறுப்புத் தார்ப்பாயை எடுத்து, மூங்கில் வளைத்து, நாலு பாத்திக்கும் மேலே மாலை ஆறு மணிக்குப் போர்த்தி, காலை ஆறு மணிக்கு எடுத்தேன். இருபத்தோராம் நாள் எல்லாச் செடியும் மொட்டு வைத்துவிட்டன.