உடனடி நடவடிக்கை

இருக்கட்டும்மா, தண்ணியெல்லாம் வேணாம். இந்தக் குழாய்த் தண்ணியா? அப்ப சத்தியமா வேணாம். சும்மா சொன்னேன், சிரி தங்கச்சி. கவுன்சிலர் வீடு தேடி வந்திருக்கேன், மொகத்த இப்படியா வச்சுக்கறது?

பாப்பா எங்க, அந்தக் கட்டில்லயா? போர்வைக்குள்ள ஆளே தெரியல. மஞ்சக்காமாலை பொல்லாததுதான், பச்சப்புள்ளைய உரிச்சுப் போட்டுடுச்சு. மாமாவப் பாரும்மா. உங்கம்மா என்னப் பத்தி மேலிடத்துக்கு என்னெல்லாம் எழுதிருக்கா தெரியுமா?

சேச்சே, கோவமெல்லாம் இல்ல. சாக்கடைக்குள்ள போற குடிதண்ணிக் குழாய்ல ஓட்டைன்னு எழுதிருக்க. உண்மைதானே, ஜெயிச்ச கையோட நானே பாத்தேன். சரி பண்ணணும்னா ரோட்ட ஒடைக்கணும். ரோடு நான் போட்டது, மொனையில என் பேர் போட்ட கல்லு நிக்குது. அத ஒடைக்கச் சொல்றியா?

ஆமா, அதிகாரி வந்து சோதிச்சாரு. எந்தக் குழாய்லயா? என் வீட்டுக் குழாய்லதான். வந்த மனுஷன வெயில்ல தெருத்தெருவாவா அலைய விடுவாங்க? தண்ணி சுத்தம்னுட்டுப் போனாரு. எங்க வீட்ல வர்றது போர் தண்ணி, அது வேற விஷயம்.

அதோட நீ விட்டிருக்கலாம். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த மாதிரி திரும்பவும் எழுதுன. இந்தத் தெருவுல எத்தன வீட்டுல வாந்தியும் வயித்தாலயுமா கெடக்கறாங்க? அவங்கள்லாம் காய்ச்சிக் குடிச்சுட்டு கம்முனு இல்ல?

வாபஸ் வாங்க மாட்டியா? சரி விடு, உன் இஷ்டம். மக்கள் சொன்னா கேட்டுக்கறதுதான் என் வேலை. அதான் விடிஞ்சதும் நடவடிக்கை எடுத்துட்டேன். கெட்ட தண்ணி ஒரு சொட்டு என் மக்கள் வாய்க்குப் போகக் கூடாதுன்னு இந்தத் தெரு வால்வ மூடச் சொல்லிட்டேன். லாரித் தண்ணியா? இந்தச் சந்துல லாரி எங்கம்மா நுழையும்?

எப்பண்ணே தொறப்பீங்கன்னு எல்லாரும் வந்து நின்னாங்க. என்ன ஏன் கேக்கறீங்க, எழுதிக் குடுத்த புண்ணியவதி இருக்கா, அவ வாபஸ் வாங்குனா அடுத்த நிமிஷமே தொறந்துடறேன்னேன். வீடு எதுன்னு கேட்டாங்க. சொன்னேன்.

ஏன் பதறுற? போலீஸெல்லாம் இல்ல. உன் தெருக்காரங்கதான் கதவத் தட்டறாங்க, வெறுங்குடத்தோட. போ, போய்த் தொற. பாப்பாவ நான் பாத்துக்கறேன்.