மாடிக்குக் குடிவந்த சர்க்கார்

"நம்ம வூட்டு மாடிக்கு சர்க்காரே குடி வந்துடுச்சு" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரி விழுந்த காலம் அது. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் போகும் ரயிலில் அவர் எனக்கு எதிர் சீட்டில் இருந்தார். அவர் பக்கத்தில் தங்கச் சுரங்கத்தில் ரிட்டையரான ஒரு பெரியவர், மடியில் டிபன் கேரியர்.

"சர்க்காரா?" என்றார் பெரியவர்.

"புதுசா வந்த ஆபீசருக்குக் குவார்ட்டர்ஸ் இல்லியாம். மாடிய வாடகைக்கு எடுத்துக்கினாங்க."

"இன்னா வாடகை?"

"அத வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

பெரியவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நம்ம வரிப்பணம்தானே? கம்பெனி லைன்ல எனக்கு மூங்கில் தட்டி வூடு. சம்பள நாள்ல கிளார்க்கு பேரக் கூப்ட்டு, வூட்டு வாடகை இவ்ளோ புடிச்சிருக்குன்னு சத்தமா படிப்பாரு. கியூவுல நிக்கற அத்தினி பேருக்கும் கேக்கும். எங்க மாமனாரு அதக் கேட்டுட்டுத்தான் பொண்ணு குடுத்தாரு."

கடைக்காரர் சிரித்தார். பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"சும்மா சொல்லுங்க மொதலாளி. இன்னா வாடகை?"

கடைக்காரர் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். "எதக் கேக்கறீங்க பெரியவரே? நான் கையெழுத்து போட்டதையா, என் கைக்கு வர்றதையா?"

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வந்ததும் பெரியவர் கேரியரோடு எழுந்தார்.

"எங்க கிளார்க்கா இருந்தா ரெண்டையும் சத்தமா படிச்சிருப்பாரு."