திண்டிவனம் பையன்களுக்கு வெல்வெட்

வீட்டில் இருக்கும்போது நான் சட்டை போடுவதில்லை. விழுப்புரத்து வெயிலுக்கு அதுதான் மரியாதை. யாராவது வந்தால் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், உடம்புக்கு எது சௌகரியம், எது இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு அக்குளில் துணி தாராளமாக இருக்க வேண்டும். வேர்வை பட்டால் சீக்கிரம் காய வேண்டும். குதிக்கும்போது தொடையைப் பிடிக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்துதான் செய்தேன். விவரம் தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. மறு வருஷம் மே மாதம் மாவட்டப் போட்டி வைத்தோம். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. இறுதி ஆட்டம் எங்கள் பள்ளிக்கும் திண்டிவனத்துப் பள்ளிக்கும்தான் என்பது போட்டி ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு தேர்வாளர் வருவதாக இருந்தது. மாவட்டத்துக்கு ஒரே ஒரு பையனை அரசு விளையாட்டு விடுதிக்கு எடுத்துக்கொள்வார். சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் இலவசம், பின்னால் வேலைக்கும் வழி உண்டு. எங்கள் டீமில் என் மகன் அரிபிரசாத் இருந்தான். திண்டிவனம் டீமில் பூவரசன் இருந்தான்.

பூவரசன் மரக்காணம் பக்கத்துக் குப்பத்துப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர். கிழிந்த பனியனில் பேனாவால் நம்பர் எழுதிக்கொண்டு வந்து ஆடுவான். அவன் எம்பினால் இறங்குவதற்கு மறந்துவிட்டானோ என்று தோன்றும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிந்தது. என் மகன் நல்ல பையன்தான். ஆனால் எம்பினால் உடனே இறங்கிவிடுவான்.

அந்தப் பனியன்தான் பூவரசனின் பலம் என்று எனக்குப் புரிந்தது. ஏகப்பட்ட ஓட்டை, நல்ல காற்றோட்டம். ஏழைப் பையன் இப்படி வந்து ஆடுகிறானே என்று வருத்தப்பட்டு, திண்டிவனம் டீம் முழுவதற்கும் உடை தைத்துத் தருவதாகச் சொன்னேன். அவர்களுடைய வாத்தியார் வேங்கடேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எதிர் டீமுக்கு டிரெஸ் தச்சித் தர்ற மனசு யாருக்கு சார் வரும்" என்றார். உண்மைதான். யாருக்கும் வராது.

மெரூன் கலர் வெல்வெட் எடுத்தேன். உள்ளே கெட்டியான லைனிங். முழங்கை வரை கை, கழுத்தில் காலர், ஓரமெல்லாம் ஜரிகை. முதுகு நம்பரை ரெக்சினில் வெட்டி ஒட்டச் சொன்னேன். முதுகு மூச்சு விடுவதற்கு இருந்த கடைசி வழியும் அதோடு அடைபட்டது. தைத்தவர் நடராசன். கல்யாண பேண்டு செட்டுக்குத் தைக்கிறவர். "எந்த ஊர்க் கச்சேரிக்கு சார்?" என்று மட்டும் கேட்டார்.

ஒன்றை நானே போட்டுப் பார்த்தேன். மைதானத்தை ஒரு சுற்று ஓடி, அடுத்த சுற்றில் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அளவு சரியாக இருக்கிறது என்று நடராசனிடம் சொன்னேன்.

பூவரசன் அதை வாங்கும்போது கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டான். "எங்க ஊர்ல கல்யாண மாப்பிள்ளகூட இப்டிப் போட்டுக்கினதில்ல சார்" என்றான்.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து வீட்டில் ஜரிகையைப் பார்த்தால் நம் வீட்டிலும் ஜரிகை கேட்பார்கள். சேதி தெரிந்ததும் எங்கள் பையன்கள் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அரிபிரசாத் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். "அவனுங்க ராஜா மாரி வந்து நிப்பானுங்க, நாங்க பனியன் போட்டுக்கினு நிக்கணுமாப்பா?" என்றான். என் மனைவி அஞ்சம்மாள் சும்மா இருப்பாளா? "ஊரான் புள்ளைக்கு வெல்வெட்டு. பெத்த புள்ள பேஜாராயிக் கெடக்கறான். நல்லாவா இருக்குது?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணம்தான் இருந்தது. அதை வெளியே சொல்ல முடியாது. ஆகவே எங்கள் டீமுக்கும் பச்சை வெல்வெட் தைத்தேன், ஒன்பது பேருக்கு. பத்தாவது என் மகனுக்கு. அதை மட்டும் மெல்லிய பருத்தித் துணியில், லைனிங் இல்லாமல், அதே பச்சைச் சாயம், அதே ஜரிகை போட்டுத் தைத்தோம். தொட்டுப் பார்த்தால் தவிரத் தெரியாது. ஆட்டத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் தொடக் கூடாது, கவனம் சிதறும் என்று பையன்களிடம் சொல்லிவைத்தேன். மற்ற ஒன்பது பேரும் பிள்ளைகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகள்தான். அவரவர் அப்பா அவரவருக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தேன். சாயங்காலம் வைத்தால் தேர்வாளருக்கு ரயில் தவறிவிடும். சீருடை இல்லாத டீமை ஆட விடக் கூடாது என்ற விதியை நடுவருக்கு நினைவுபடுத்தினேன். விதி எல்லாருக்கும் பொது.

இரண்டு டீமும் சிமெண்டுத் தரையில் இறங்கியபோது ஊரே கை தட்டியது. அவ்வளவு அழகு. அந்த அழகு கொஞ்ச நேரம்தான் ஓடியது. பிறகு நடந்தது, அதற்குப் பிறகு நின்றது. எங்கள் கேப்டன் வெற்றிச்செல்வன் தன்னை நோக்கிப் பந்து வந்தபோது ஒதுங்கி அதற்கு வழி விட்டான். திண்டிவனத்துப் பையன் ஒருவன் தண்ணீர்க் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றான். ஓடிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். என் மகன் பருத்தியில் ஓடினான். பூவரசன் வெல்வெட்டில் ஓடினான்.

"கழட்டிக் கடாசிட்டு ஆடுடா, ரெஃப்ரிகிட்ட நான் பேசிக்கறேன்" என்று வேங்கடேசன் கத்தினார்.

"வாணாம் சார். ஆசையா தச்சிக் குடுத்திருக்காரு, அவரு மனசு கஷ்டப்படும்" என்று என்னைக் காட்டிச் சொன்னான். சொல்லிவிட்டு ஒரு தடவை எம்பினான். அந்தத் தடவை சீக்கிரமே இறங்கினான், மொத்தமாக.

முதலில் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தவன் நான்தான். கண்ணைத் திறந்ததும், "டிரெஸ்ல மண்ணு ஒட்டிக்கிச்சா சார்?" என்று கேட்டான். இல்லை கண்ணு என்றேன். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். தடுக்க ஆளே இல்லாமல் என் மகன் பந்தைப் போட்டுப் போட்டு, கடைசியில் இரண்டு விழுந்தன. தேர்வாளர் அவனை எடுத்துக்கொண்டார்.

விடுதி சாம்பாரில் உப்பு இல்லை என்று தீபாவளிக்கு வந்த அரிபிரசாத் திரும்பிப் போகவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறான். பூவரசன் படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனான். இப்போது சொந்தப் படகு. மாசத்துக்கு ஒரு தடவை ஐஸ் பெட்டியில் எனக்கு வஞ்சிரம் வருகிறது. நான் யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு? கெடுத்தவனுக்கு யாராவது வஞ்சிரம் அனுப்புவார்களா?

நேற்று தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் வந்திருந்தாள். மரக்காணத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறாளாம். டீமில் பூவரசனின் மகளும் ஆடுகிறாள். அடுத்த மாதம் விழுப்புரம் டீமோடு ஆட்டம். அதில் அரிபிரசாத்தின் மகள் கலைப்பிரியா ஆடுகிறாள், என் பேத்தி.

"டிரெஸ் மட்டும் நீங்கதான் சொல்லணுமாம் சார். பூவரசன் அண்ணன் வேற யார்கிட்டயும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்றாள் தமிழ்ச்செல்வி.

கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு மனசைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு வாய்ப்பு. வலை மாதிரி மெல்லிய துணி, கையில்லாத வெட்டு என்று உடனே சொல்லிவிட்டேன். அவள் சந்தோஷமாக எழுந்தாள். அளவு வேண்டுமே என்பதற்காகத்தான் கேட்டேன், பூவரசன் மகள் உயரமா என்று.

"அப்பா மாரியே சார். எம்புனா எறங்கறதுக்கு நேரமாவுது" என்றாள்.

உட்காரம்மா என்றேன். பெண் பிள்ளைகள் ஆயிற்றே, கெட்டித் துணியில் முழுக்கை வைத்தே தைத்துவிடலாம் என்றேன்.