கலக்காத கோப்பி

ஜோனத்தன்: கெட்டிப்பாலு எல்லாம் கோப்பிக்கு அடியில கெடக்கு. குடு, நான் கலக்கித் தர்றேன்…

கிளாடிஸ்: தொடாத அண்ணே! அப்படியே இருக்கட்டும்.

ஜோனத்தன்: ஏன் இவ்ளோ பதறுற?

கிளாடிஸ்: இன்னும் இருபது நிமிசத்துல பிஎச்டி வாய்மொழித் தேர்வுக்குக் கூப்புடுவாங்க. கேள்வி கேக்குற டாக்டர் அலாவுதீன் என்ன கேப்பாருன்னு எனக்குத் தெரியும்.

ஜோனத்தன்: எங்கிட்ட சொல்லிப் பாரு. லீவு போட்டு பிறை டவுன்லேருந்து கடல் பாலம் தாண்டி வந்திருக்கேன் லா. ஃபேக்டரியில வேல பாக்குற எனக்கே புரிஞ்சா, அவருக்குப் புரியாதா?

கிளாடிஸ்: இந்தக் கிளாச இறுக்கி மூடிட்டோம்னு வச்சுக்க. சூடு வெளிய போவாது, உள்ள வராது. கரண்டி கெடையாது. பாலு தானா கலக்குமா?

ஜோனத்தன்: ரொம்ப நேரம் விட்டா கலந்துரும்.

கிளாடிஸ்: அணுக்கூட்டமும் அப்படித்தான். ஒண்ண ஒண்ணு இடிச்சு, தள்ளி… ஆரம்பத்துல எது எங்க இருந்துச்சுன்னு எந்த மூலையப் பாத்தாலும் தெரியாது. மறந்துரும்.

ஜோனத்தன்: உன் அணுவுமா?

கிளாடிஸ்: இல்ல. கம்ப்யூட்டர்ல அதுங்கள மேடும் பள்ளமுமான எடத்துல வச்சேன். அதது அதது பள்ளத்துல மாட்டிக்கிச்சு. எவ்ளோ ஞாபகம் மிச்சம்னு ஸ்கிரீன்ல ஒரு கோடு வரும், மறந்தா எறங்கும். எறங்கவே இல்ல, நேரா போச்சு. என் நாலு வருசமும் அந்தக் கோடுதான்.

ஜோனத்தன்: அப்புறம் என்ன பயம்?

கிளாடிஸ்: "எவ்ளோ நேரம் பாத்தே? இன்னும் விட்டிருந்தா?"ன்னு கேட்டா…

ஜோனத்தன்: ஐயோ, இன்னும் விட்டிருந்தாவா?

கிளாடிஸ்: ஏன் முழிக்கிற?

ஜோனத்தன்: செயின்ட் ஆன் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பறப்ப… வீட்டுக் கம்ப்யூட்டர ஓஃப் பண்ணச் சொன்னியே…

கிளாடிஸ்: பண்ணிட்டேன்னியே.

ஜோனத்தன்: ஸ்கிரீன மட்டும்தான். அம்மா கார்ல உக்காந்து ஹோர்ன் அடிச்சிக்கிட்டே இருந்தாங்க லா!

கிளாடிஸ்: அப்ப மூணு வாரமா…

ஜோனத்தன்: உன் கணக்கு ஓடிக்கிட்டே இருந்திருக்கு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பாத்தேன். அந்தக் கோடு… வளைஞ்சு கீழ எறங்கியிருந்திச்சு.

கிளாடிஸ்: பாத்துட்டு என்ன பண்ணின?

ஜோனத்தன்: பயந்து திரும்ப ஸ்கிரீன மூடிட்டேன். உங்கிட்ட காட்டலாம்னு நேத்து தொறந்தா, ஒண்ணுமே இல்ல! எதையோ அமுக்கி அழிச்சிட்டேன் போல. நேத்துலேருந்து சோறு எறங்கலம்மா. உள்ள போயி என் பேர சொல்லிடு. தப்பு என்மேலதான்…

கிளாடிஸ்: நீ ஒண்ணும் அமுக்கல அண்ணே. திங்கக்கிழமை காலையில நானும் பாத்தேன்… அழிச்சது நான்தான்.