புடலங்காயில் கட்டிய கல்

வெயில் ஏறுவதற்குள் கொல்லையைப் பெருக்கிவிட்டால் அன்றைய பொழுது லேசாக இருக்கும். ராஜபாளையத்துச் சித்திரை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கண் தெரியாது, வெயில் தெரியும். காலையில் அது வலது கன்னத்தில் பட்டால் வடக்கே பார்த்து நிற்கிறேன் என்று அர்த்தம். அடுப்படி வாசலில் டிரான்சிஸ்டரைப் பாடவைத்துவிட்டு இறங்குவேன். பாட்டு முதுகுக்குப் பின்னால் கேட்டால் எதிரே வேலி. இடது காதில் கேட்டால் எதிரே எலுமிச்சை. கிணற்றுத் தூணிலிருந்து வேலி வரைக்கும் ஒரு கயிறும் கட்டியிருக்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கொல்லையில் நான் திசை தப்பியதே இல்லை, கண்ணுகளா.

பக்கத்து வீட்டுச் சமுத்திரம் அண்ணாச்சி மில்லில் ஓய்வு பெற்றவர். இந்த எண்பத்தேழாம் வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூர் காய்கறிக் கண்காட்சிக்கென்று புடலை போட்டார். பந்தல் அவர் பக்கம். கொடி என் கயிற்றுக்கு மேலே. காய் வளையாமல் நீள நுனியில் கல் கட்டுவார்கள் அல்லவா, அந்தக் கல் தினமும் என் நெற்றியில் இடித்தது.

“அண்ணாச்சி, அந்தக் காயைச் செத்த உங்க பக்கம் தள்ளி விடுங்க” என்றேன்.

“ஏட்டி அசீனா, பரிசு வாங்கப் போற காயி அது. கண்ணு தெரியாதவளுக்குக் கொல்லையில என்ன சோலி? பேசாம உள்ள உக்காந்து பூ கட்டு தாயி.”

அவர் கெட்டவர் இல்லை. அதனால் நானும் கோபப்படவில்லை. மறுநாள் டிரான்சிஸ்டரை எடுத்து, வேலியைப் பார்த்து நின்றாலும் பாட்டு இடது காதில் கேட்கும்படி துவைகல்லில் வைத்தேன். எலுமிச்சைக் கிளை கழிக்கும் அரிவாளோடு கயிற்றைப் பிடித்துப் போய்க் காயைத் தடவிப் பார்த்தேன். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. வெட்டினேன். ஒன்றை மட்டும் வெட்டினால் யோசித்துச் செய்தது போலாகிவிடும் என்று எல்லாவற்றையும் வெட்டினேன். தண்டையும்.

அண்ணாச்சி தலையில் கைவைத்தபடி ஓடிவந்தார். “ரேடியோவ எவம்லே மாத்தி வச்சது? பாவம், புள்ள திக்குத் தெரியாமல்லா வெட்டிட்டா!”

என் வீட்டுக்காரர் பீர் மைதீன், தான்தான் மறதியில் மாற்றி வைத்துவிட்டதாக நம்பி மன்னிப்புக் கேட்டார். கட்டியவர் நம்பியதை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை. காய் வீணாகக் கூடாதே என்று கூட்டு வைத்து அண்ணாச்சிக்கும் கொடுத்தேன். அழுதுகொண்டே மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டார்.

அத்தோடு போயிருக்கும். ஆனால் இரண்டு பேரும் கூடிப் பேசி, அரிவாளைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். பின்வாசலுக்குப் பூட்டு.

“இன்னைக்குக் காயி, நாளைக்கு ஒன் காலு. இனிமே நீ எறங்க வேண்டாம்ட்டீ” என்றார் வீட்டுக்காரர். மடியில் மல்லிகையும் நூலும் வந்து விழுந்தன. அன்றிலிருந்து பூதான் கட்டுகிறேன். கொல்லையில் சருகு விழுவது காதில் கேட்கிறது. எழுந்து போக வழியில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நான் திசை தப்பவில்லை. ரேடியோவை மாற்றி வைத்ததும் நான்தான். தெரிந்தே, வேண்டுமென்றே, ஒரு காய் விடாமல் வெட்டினேன். என் எலுமிச்சையில் ஓர் இலைகூட உதிரவில்லை, போய்ப் பாருங்கள். அண்ணாச்சியின் பாகல் எங்கே, பூசணி எங்கே என்று இப்போது கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவேன். இவ்வளவு நிதானமானவள் கையில் அரிவாளைக் கொடுக்க என்ன பயம்?